சோறு தின்றதும் சுற்றும் நாய்க்குட்டி! வெறியா, ஈரல் கோளாறா?

மணலி புதுநகர்:
சோறு தின்ற கொஞ்ச நேரத்தில் நாய்க்குட்டி வட்டமடிக்கிறது. சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. சில சமயம் வலிப்பு. "வெறி பிடிச்சிடுச்சு, அடிங்க!" என்று தெருவே திரண்டுவிடும்.

அவசரப்படக் கூடாது. பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாக வேண்டும். சில குட்டிகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் குழாய்! ரத்தம் அதன் வழியே நழுவிவிடும். அதிலுள்ள அம்மோனியா மூளையைத் தாக்கும். குட்டி சவலையாகவே இருக்கும். பக், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற ஜாதிகளில் இது அதிகம்.

மெல்ல மூடும் வளையம்

இதற்கு ஆபரேஷன் உண்டு. குழாயைப் பட்டென்று கட்டினால் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறும், உயிரே போகலாம். அதனால் குழாயைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுகிறார்கள். அதன் உள்பக்கம் பாலிலிருந்து எடுத்த 'கேசின்' புரதம். உடம்பின் ஈரத்தில் அது ஊறி உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல மூடிவிடும்.

சாப்பாட்டுக்கு முன்பும், 2 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் பித்த அமிலத்தைப் பார்த்தால் துப்பு கிடைக்கும். ஸ்கேன் குழாயைக் காட்டும். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். வெறியா, ஈரலா என்று பார்வையில் சொல்ல முடியாது. எச்சிலைத் தொடாதீர்கள். கடித்திருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஊசி போடுங்கள். குட்டியைத் தனியே அடைத்து டாக்டருக்குச் சொல்லுங்கள். தடியை எடுக்க வேண்டாம்!