பௌர்ணமியில் நிழல்கள் எங்கே போகின்றன?

சூப்பர்மூன் வரும்போதெல்லாம் செய்திகளில் இரண்டு எண்கள் தவறாமல் வருகின்றன: நிலா 14 சதவீதம் பெரிது, 30 சதவீதம் பிரகாசம். மிகத் தொலைவில் வரும் பௌர்ணமியோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு இது. இரண்டு நிலாக்களையும் அருகருகே வைத்து யாரும் பார்க்க முடியாது. சராசரிப் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் ஒளி 15 சதவீதம்தான் கூடும். மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது புலப்படவே புலப்படாது. மக்களை வானம் பார்க்க வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் இதைவிடப் பெரிய அதிசயம் மாதாமாதம் நடக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அரைநிலாவில் நமக்குத் தெரியும் ஒளிப்பரப்பு முழுநிலாவில் பாதி. அப்படியானால் ஒளியும் பாதி இருக்க வேண்டும். வெயில் சாய்வாக விழுவதையும் கணக்கில் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும். வருவதோ ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு! பௌர்ணமிக்கு இரண்டரை நாள் முன்பு நிலவின் முகம் 93 சதவீதம் நிறைந்திருக்கும். அப்போதும் ஒளி பாதிதான். ஒரே ஒரு நாள் முந்தினால்கூடக் கால்வாசி போய்விடுகிறது. சராசரிப் பௌர்ணமிக்கு மேல் சூப்பர்மூன் கூட்டித் தருவதைவிட இது அதிகம்.

காரணம் நிழல்.

நெல் அறுத்த வயலில், காலை இளவெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள். உங்கள் தலை நிழலைச் சுற்றியிருக்கும் தாள்கட்டைகள் மட்டும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு நிழல் விழுகிறது. ஆனால் வெயில் வரும் திசையிலிருந்தே பார்க்கும் கண்ணுக்கு, அந்த நிழலை அதே கட்டை மறைத்துவிடுகிறது. பார்வை சற்று விலகினால் நிழல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். சூரியனை நோக்கித் திரும்பி நின்றால் வயலே கறுத்துக் கிடக்கும்.

நிலவை இந்த வயலாகவே எண்ணிக்கொள்ளலாம். விண்கற்கள் பல நூறு கோடி ஆண்டுகள் இடித்துப் பொடித்த மண் அது. காற்றும் மழையும் இல்லாததால், மேல்மண் துகள்மேல் துகளாக இடைவெளி விட்டு நிற்கிறது. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப்பக்கம். நிலவின் ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்து நிற்கிறது. நடுவில் உள்ள கட்டைக்கும் வரப்போரத்துக் கட்டைக்கும் இதில் பேதம் இல்லை. அதனால் விளிம்பும் மங்குவதில்லை, உருண்டையான நிலா நமக்குத் தட்டையாகத் தெரிகிறது. இன்னும் ஒரு படி போகலாம். தாள் பச்சையாகவும் வெளிறியும் இருந்தால், கட்டைக்குக் கட்டை வெளிச்சம் சிதறி நிழலை நிரப்பிவிடும். கறுத்த தாளில் நிழல் கும்மிருட்டாகக் கிடக்கும். நிலவோ தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தை மட்டுமே திருப்பும் கறுத்த மண். நிழல் மறைந்தால் ஒளி இப்படித் தாவி ஏறுவது அதனால்தான்.

சனியின் வளையங்கள் இப்படிப் பிரகாசிப்பதை 1887இல் ஜெர்மானியர் ஹியூகோ ஃபான் சீலிகர் நிழலை வைத்து விளக்கினார். 1956இல் வானியலாளர் டாம் கெரல்ஸ் மசாலியா என்ற சிறுகோளிலும் இதைக் கண்டார். வரலாறு இவ்வளவு போதும்.

ஏனென்றால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதில் வயல் உதவாது. நிலவைச் சுற்றிய கிளெமென்டைன் விண்கலம் 1994இல் எடுத்த படங்களில், சூரியனுக்கும் பார்வைக்கும் இடையிலான கோணம் 4 பாகையிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது மட்டும் ஒளி 40 சதவீதத்துக்கு மேல் எகிறியது. பூமியிலிருந்து பூஜ்யக் கோணத்தில் பார்க்க முடியாது. அப்போது நம் நிழலே நிலவில் விழுந்து கிரகணமாகிவிடும். இந்தச் சின்னக் கோணத்தில், நிழலோடு சேர்ந்து, ஒளி ஓர் அலை என்பதும் விளையாடுகிறது. மண்ணுக்குள் நுழையும் அலையின் ஒரு பகுதி முதல் துகளில் பட்டு இரண்டாவதற்குத் தாவி வெளியேறுகிறது. இன்னொரு பகுதி இரண்டாவதில் பட்டு முதலாவது வழியாக வெளியேறுகிறது. ஒரே பாதை, எதிரெதிர்ப் பயணம். வந்த திசையிலேயே திரும்பும்போது இரண்டும் கடந்த தூரம் இம்மி பிசகாமல் சமம். முகடும் முகடும் சேர்ந்து ஒளி வலுக்கிறது. திசை கொஞ்சம் மாறினாலும் அந்தப் பொருத்தம் குலைந்துவிடும்.

1963இல் நிழலை மட்டும் வைத்து நிலவொளிக்குக் கோட்பாடு வகுத்தவர் புரூஸ் ஹாப்கே. முப்பது ஆண்டு கழித்து, அப்போலோ கொண்டுவந்த மண்ணில் ஒளி பாய்ச்சிச் சோதித்து, அலைகளின் இந்தச் சேர்க்கைக்கும் பெரும் பங்கு உண்டு என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். தன் கோட்பாட்டைத் தானே பரிசோதித்துத் திருத்திய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

இதற்குப் பயனும் உண்டு. விண்கலம் எட்டாத சிறுகோள்களையும், சூரியனுக்கு நேர் எதிரே அவை வரும் நாட்களில் தொலைநோக்கியால் அளக்கிறார்கள். ஒளி எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து, அங்கே கிடப்பது எந்த மாதிரி மண், அது எவ்வளவு வெளிறியது என்று கணிக்கிறார்கள்.