இணைப்புச் சொல்லிலும் நாணயம் வேண்டும்

கடைக்கென வலைத்தளம் வைத்திருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறர் தளத்தில் எந்தச் சொல்லைத் தொட்டால் நம் தளம் திறக்கிறதோ, அச்சொல்லே 'ஆங்கர் டெக்ஸ்ட்'. நம்மிடம் என்ன சரக்கு உண்டு என்பதைக் கூகுள் அதைக் கொண்டும் கணிக்கிறது.

இதையறிந்த சிலர், காசு கொடுத்துச் சம்பந்தமில்லாத தளங்களிலெல்லாம் ஒரே சொல்லை இணைப்பாகப் போடச் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்கு இத்தகைய இணைப்புகள் ஏராளமாக இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பயணப்பெட்டித் தேடல் ஒன்றில் முதலிடத்தில் இருந்த அக்கடை, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது. அங்கே யார் தேடி வருவார்கள்? 2012 ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தின் மூலம், இவ்வழியில் சென்ற பல தளங்களைக் கூகுள் பின்னுக்குத் தள்ளியது.

நாம் செய்யக்கூடியது எளிது. சரக்குத் தரும் ஆலை, வாங்கும் சில்லறைக் கடை, சங்கம் ஆகியோரின் தளங்களில் இணைப்புக் கேட்கலாம். சொல்லை அவர்களே அமைக்கட்டும். ஒருவர் கடைப் பெயரைப் போடுவார். ஒருவர் 'பருப்பு மொத்த வியாபாரி' என்பார். இன்னொருவர் தள முகவரியை மட்டும் தருவார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதே இயல்பு. எல்லோரும் ஒரே வாசகத்தை ஒப்பித்தால், சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துவிடும்.