தோல் இறுக்க நோயும் மருந்துத் தேர்வும்

பழனி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து மலைச்சாலையில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சென்றால், ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள கொடைக்கானலை அடையலாம். மார்கழி, தை மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குகிறது. சில ஆண்டுகளில் புல்வெளிகளில் உறைபனியும் படிகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இன்பமளிக்கும் இக்குளிர், ஒருவகை நோயாளிகளுக்குப் பெருஞ்சோதனை. குளிர்ந்த நீரில் கை பட்டவுடன் அவர்களுடைய விரல்கள் முதலில் வெளுக்கும். பிறகு நீலம் பாரிக்கும். இரத்தம் திரும்பும்போது சிவந்து வலிக்கும். 1862ஆம் ஆண்டில் மோரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. ரேனோ நிலை உள்ள அனைவருக்கும் பெருநோய் இருப்பதில்லை. ஆயினும் 'ஸ்கிளீரோடெர்மா' என்னும் தோல் இறுக்க நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுவே.

தோல் இறுக்க நோய் என்னும் பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. இது தோலோடு நிற்கும் நோயன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கெடுகின்றன. தழும்பு ஆற்றுகின்ற நார்ப்பொருள் அளவுக்கு மீறிப் பெருகித் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்குகிறது. உணவுக்குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகிய எதையும் இது தொடலாம். இது தொற்றுநோயன்று. இதற்கு ஆளாவோரில் பெண்களே பெரும்பான்மையோர்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனவே 'எந்த மருந்து சிறந்தது?' என்னும் கேள்வி இங்கே பொருந்தாது. 'எந்த உறுப்பைக் காக்க, எந்த மருந்து, எந்த விலை கொடுத்து?' என்பதே சரியான கேள்வி. இரு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்றுக் கடுமையானதை விலக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த பொதுவிதி. மருந்தின் தீங்கு ஒரு தட்டிலும் நோயின் தீங்கு மறுதட்டிலும் நிற்கும் இந்நோய்க்கு அவ்விதி மிகப் பொருத்தமானது.

விரல்களும் சிறுநீரகமும்

ரேனோ நிலைக்கு வழக்கமாக முதலில் தரப்படுவது நிஃபெடிபின் முதலான, இரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்து. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது தலைவலியும் கால் வீக்கமும் தரலாம். இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தலாம். உணவுக்குழாயின் கீழ்வாயையும் தளர்த்துவதால் நெஞ்செரிச்சலை மிகுவிக்கலாம். விரலுக்கு நன்மை செய்வது உணவுக்குழாய்க்கு இடைஞ்சலாகும் நிலை இது. நிஃபெடிபின் போதாதபோது சில்டனாஃபில், டடலாஃபில் ஆகியன உள்ளன. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழைய மருந்துகளுக்கு அடங்காத 25 நோயாளிகளுக்கு டடலாஃபிலைச் சேர்த்துக் கொடுத்தபோது, ரேனோ தாக்குதல்களின் எண்ணிக்கையும் நேரமும் குறைந்தன. விரல் நுனிப் புண்கள் மீண்டும் மீண்டும் வந்தால் பொசென்டன் புதுப் புண்களைத் தடுக்க உதவுகிறது. இருக்கும் புண்ணை அது விரைவில் ஆற்றுவதில்லை. அதை உண்பவர் மாதந்தோறும் ஈரல் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் தேவை. மூட்டு வலிக்கும் வீக்கத்திற்கும் ஸ்டீராய்டு மாத்திரை உடனடி நிம்மதி தரும். ஆனால் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசோலோன் இந்நோயாளிகளுக்குச் சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடும். அந்நெருக்கடி ஒரு காலத்தில் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. கேப்டோபிரில் வகை மருந்துகள் வந்தபின் நிலைமை மாறியது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இம்மருந்தைப் பெற்றோரில் 76 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்து வாழ்ந்தனர். பெறாதோரில் 15 விழுக்காட்டினரே வாழ்ந்தனர். நெருக்கடி தோன்றியவுடன் கண்டுகொள்வதே உயிர் காக்கும். ஆகவே வீட்டில் ஓர் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்பது, குறிப்பாக நோய் வேகமாகப் பரவும் தொடக்க ஆண்டுகளில், விலையுயர்ந்த பல மருந்துகளைவிடப் பயனுள்ளது.

நுரையீரல்: சான்றுகள் சொல்வது

இன்று இந்நோயாளிகளின் உயிருக்குப் பெரும் ஆபத்து நுரையீரலில்தான். 2006இல் வெளியான ஆய்வு, ஓராண்டு சைக்ளோஃபாஸ்ஃபமைடு உண்டோருக்குச் சிறிய அளவில் நன்மை உண்டெனக் காட்டியது. மருந்தை நிறுத்தியபின் அந்நன்மை படிப்படியாக மறைந்தது. 2016இல் வெளியான இரண்டாம் ஆய்வு, ஈராண்டு மைக்கோஃபீனோலேட்டும் ஓராண்டு சைக்ளோஃபாஸ்ஃபமைடும் ஏறத்தாழ ஒரே பயன் தருவதையும், முன்னது உடலுக்குத் தாங்கக்கூடியதாக இருப்பதையும் காட்டியது. கொல்கத்தா மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட 60 நோயாளிகளின் ஆய்வில், ஆறு மாத முடிவில் ரிட்டுக்சிமாப் சைக்ளோஃபாஸ்ஃபமைடைவிட மேம்பட்டு நின்றது. 2019இல் நின்டெடனிப், நுரையீரல் திறன் குறையும் வேகத்தை மட்டுப்படுத்துமென நிறுவப்பட்டது. ஆனால் அது தோலை இளக்குவதில்லை. உண்டோரில் நால்வரில் மூவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது.

சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு வேறொரு பாடம் தருகிறது. நுரையீரல் இலேசாகப் பாதிக்கப்பட்டோருக்கு ஆறு மாதம் மைக்கோஃபீனோலேட் கொடுத்தபோது, போலி மாத்திரை உண்டோரைவிட அவர்கள் மேலான நிலையை அடையவில்லை. மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. ஒருவருக்கு இன்றியமையாத மருந்து, இன்னொருவருக்கு இப்போதைக்குத் தேவைப்படாமல் போகலாம் என்பதே பொருள். மைக்கோஃபீனோலேட், ரிட்டுக்சிமாப் ஆகியவை எதிர்ப்பாற்றலை அடக்குவன. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், இவற்றைத் தொடங்குமுன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் சோதனை செய்துகொள்வது அவசியம்.

இன்னொரு செய்தியும் நினைவிற்கொள்ளத்தக்கது. சில ஆண்டுகள் கழிந்தபின் இறுகிய தோல் தானாகவே ஓரளவு இளகுவதுண்டு. அந்த நேரத்தில் உண்ட மருந்துக்கே பெருமை சேர்ந்துவிடும். பல்லாண்டுகள் நம்பி வழங்கப்பட்ட பெனிசிலமின், 1999இல் வெளியான ஆய்வில் மிகு அளவிலும் மிகக் குறைந்த அளவிலும் ஒரே விளைவையே தந்தது. பழனி அடிவாரம் சித்த வைத்திய மரபுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு சென்று மருந்து கேட்பதை எவரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் உலோகம் சேர்ந்த பற்பங்களும் செந்தூரங்களும் ஏற்கெனவே அபாயத்திலுள்ள சிறுநீரகத்திற்குச் சுமையாகக்கூடும். இரண்டு வைத்தியரிடமும் மற்றவர் தந்த மருந்தை மறைக்காமல் சொல்வதே அறிவுடைமை.

பெண்ணின் சம்மதம்

மைக்கோஃபீனோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, பொசென்டன் ஆகியவை கருவுக்குக் கேடு செய்வன. சைக்ளோஃபாஸ்ஃபமைடு சூலகத்தின் முட்டைச் சுரப்பையே நிரந்தரமாக நிறுத்திவிடலாம். மைக்கோஃபீனோலேட் உண்பவர், கருத்தரிக்க எண்ணினால் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்னரே மருத்துவர் ஆலோசனையுடன் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். திருமணமாகாத அல்லது குழந்தை வேண்டும் பெண்ணிடம் இவற்றை மருத்துவர் சொல்லாமல் விடுவதும், அவளைக் கேளாமல் குடும்பத்தினரே முடிவெடுப்பதும் நம் சமூகத்தில் புதுமையல்ல. மருந்து அவளுடைய உடலில் சேர்கிறது, இழப்பும் அவளுக்கே. எனவே தராசின் முள்ளைப் பார்க்கும் முதல் உரிமையும் அவளுடையதே.

ஒளுவும் நோன்பும்

மலைப்பகுதியில் வாழும் நோயாளிக்கு சுப்ஹு நேரத்துக் குளிர்ந்த நீர் அன்றாடப் பிரச்சினை. வெதுவெதுப்பான நீரில் ஒளு செய்து, உடனே துடைத்துக் கையுறை அணிவது எளிய மருந்து. விரல் உணர்விழந்திருந்தால் நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்வது நல்லது. நீரைச் சூடாக்க வழியின்றித் தீங்கு அஞ்சப்படுமாயின் தயம்மும் உண்டு. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கடுங்குளிருக்கு அஞ்சிக் குளிப்புக்குப் பதிலாகத் தயம்மும் செய்து தொழுவித்ததையும், அதைக் கேட்டறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. நோன்பிலும் நோயாளிக்குச் சலுகை உண்டென்பது குர்ஆனின் தெளிவான தீர்ப்பு. இருவேளை மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா, நீர்வறட்சியைச் சிறுநீரகம் தாங்குமா என்பவற்றை ரமளானுக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது முறை.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இணைப்புத்திசு நோய்களுக்கெனத் தனித்துறைகள் உண்டு. கொடைக்கானலிலிருந்து அங்கு சென்றுவரும் செலவும் களைப்பும் மருந்தின் விலையோடு சேர்த்து எண்ணத்தக்கவை. மாதந்தோறும் இரத்தச் சோதனை வேண்டும் மருந்தை, சோதனைக்கு வழியில்லாத ஊரில் தொடங்குவது ஆபத்து. ஆகவே மருத்துவர் முன் அமரும் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இம்மருந்து என் எந்த உறுப்புக்காக? பயன் உண்டா என்பதை எதைக் கொண்டு, எப்போது அறிவோம்? எந்தத் தீங்கு தோன்றினால் நிறுத்த வேண்டும்? இப்போது உண்ணாவிட்டால் என்னவாகும்? நோய்க்கு மருந்து தேடுவது இறைவன்மீது வைக்கும் தவக்குலுக்கு முரணன்று. கேட்டறிந்து தேர்ந்தபின் அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.