செம்புத் தளிருக்குக் கந்தகக் காவல்

பிப்ரவரி மாதத்தில் கோலா பிலாவிலிருந்து பகாவ் போகும் வழியில், செம்பனைக்கு நடுவே மிச்சமிருக்கும் பால்மர (ரப்பர்) தோட்டம் ஒன்றில் இறங்கி நடந்து பாருங்கள். காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். மஞ்சளும் செங்கல் நிறமுமாகச் சருகு கணுக்கால்வரை குவிந்திருக்கும். ஆண்டு முழுக்க இருட்டிக் கிடந்த நிரைகளுக்குள் வெயில் நேராக இறங்கும்.

துரைமார் இதற்கு வைத்த பெயர் ‘விண்டரிங்’. உறைபனி என்றால் ஐஸ்பெட்டிக்குள் மட்டுமே பார்த்த நெகிரி செம்பிலானுக்கு ஏது குளிர்காலம்? லயத்தில் குடியிருந்தவர்களுக்கு அது இலை கொட்டுகிற காலம். மங்கில் பால் அடியோடு குறைகிற காலம். கடைக்காரர் பற்று நோட்டில் கணக்கு நீள்கிற காலம்.

குளிர்நாட்டுத் தோட்டக்காரருக்கு இருக்கிற கவலை வேறு. மென்மையான செடி உறைபனியில் கருகாமல் இருக்க அவர் வேரடியில் வைக்கோல் போர்த்துவார். தொட்டியோடு தூக்கிக் கண்ணாடி வீட்டுக்குள் வைப்பார். நம் பால்மரத்தின் கதையும் அப்படியொரு கண்ணாடி வீட்டில்தான் தொடங்குகிறது. 1876 ஜூனில் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். வெப்பமூட்டிய கூடத்தில் சுமார் 2,700 விதைகள்தாம் முளைத்தன. அவற்றில் 1,919 நாற்றுகளை 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்திறங்கின. நம் வெப்ப மண்ணில் நட்டதும் குளிர் பயம் தீர்ந்தது. ஆனாலும் வறண்ட மாதம் வந்தால் மொத்த இலையையும் உதிர்க்கும் பழக்கத்தை மரம் விடவில்லை.

தித்திவங்சா மலைத்தொடர் மழைமேகத்தை மறிப்பதால் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரம் மலேசியத் தீபகற்பத்தின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு மழையே 1,650 மில்லிமீட்டர் அளவுதான். மண்ணில் ஈரம் குறைந்ததும் முதிர்ந்த இலை மரத்துக்குச் சுமையாகிவிடுகிறது. வருவதைவிட ஆவியாகப் போகும் தண்ணீர் அதிகம். அப்போது இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப் படலம் ஒன்று உருவாகிறது. எத்திலீன் என்னும் வளர்ச்சிப்பொருள் அந்தப் படலத்தின் செல்களைத் தளர்த்துகிறது. குடி மாறுகிறவர் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டுவதுபோல, இலை விழுமுன் அதிலிருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியத்தில் ஒரு பகுதியைக் கிளை எடுத்துக்கொள்கிறது. பெயர்த்தெடுக்க முடியாத கால்சியம் சருகோடு போகிறது. முதல் மூன்று, நான்கு வயதுவரை கன்றுகள் இப்படி உதிர்ப்பதில்லை. மரமானால்தான் இந்தப் பழக்கம் வருகிறது.

மொட்டை மரத்துக்கு ஆபத்தில்லை. அது துளிர்க்கும்போதுதான் காவல் தேவைப்படுகிறது.

சில வாரத்தில் கிளை நுனிகளில் தளிர் தலைகாட்டும். ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், பிழியாமல் கொடியில் போட்ட துணிபோலத் தொங்கும். நிறம் செம்பு, மேலே ஒரு மினுக்கு. பச்சையம் இன்னும் ஏறவில்லை. இலையைப் போர்த்தும் மெழுகுத்தோல் கெட்டிப்படவில்லை. செம்பு நிறம் வெளிர்பச்சையாகி, தொங்கிய இலை விறைத்து நிமிர்ந்துவிட்டால் பிழைத்தது. அதற்குள் இருக்கும் இரண்டு வாரம்தான் கண்டம்.

அந்த இரண்டு வாரத்துக்காகவே காத்திருக்கிறது ஆய்டியம் என்னும் பூஞ்சை. ஜாவாவில் 1918இல் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு இலங்கைக்கும் மலாயாவுக்கும் பரவியது. இரவில் மூடுபனி, பகலில் சுள்ளென்று வெயில்: விண்டரிங் முடிகிற வாரங்களின் இந்த வானிலை அதற்கு விருந்து. தளிரில் மாவு தூவினாற்போல் வெள்ளைப் படலம் விரியும். சிற்றிலைகள் சுருண்டு விழ, காம்பு மட்டும் ஈர்க்குச்சிபோல் கிளையில் கொஞ்ச நாள் நிற்கும். மரம் தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்க்க வேண்டும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கிளை நுனி காயும், பாலும் இறங்கும். கனத்த மழை பெய்தால் ஆய்டியம் கழுவுண்டு போகும். ஆனால் ஈரத்தில் செழிக்கும் கொலெட்டோட்ரைகம் என்னும் வேறொரு பூஞ்சை அதே தளிரைப் பிடிக்கும்.

மருந்தும் ஒரு கண்ணாடி வீட்டிலிருந்தே கிடைத்தது. 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர், கண்ணாடிக்கூரைக்குள் வளர்த்த திராட்சையில் இதே இனத்து வெண்பூஞ்சையைக் கண்டார். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைக் காத்த அந்தக் கந்தகம் பிறகு பால்மரத்துக்கும் வந்தது.

தோட்டத்தில் தூள் அடிப்பது விடியுமுன் நடக்கும் வேலை. காற்று அசையக்கூடாது, பனியில் நனைந்த தளிரில் தூள் ஒட்ட வேண்டும். விசைத்தூவி உறுமத் தொடங்கியதும் நிரைக்குள்ளிருந்து மஞ்சள் மேகம் உச்சிக்கிளைவரை எழும்பும். கண் எரியும், தொண்டை கமறும். முகத்தை மூடாமல் செய்யக்கூடாத வேலை. பத்தில் ஒரு மரம் துளிர்த்ததும் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறையாக ஐந்தாறு சுற்று அடிப்பார்கள். கந்தகம் பூஞ்சையின் செல்லுக்குள் புகுந்து அதன் மூச்சுத்தொழிலைக் குலைக்கிறது. ஒரு வாரம் தவறினாலும் நோய் முந்திக்கொள்ளும்.

மருந்தைவிட நாள் பார்ப்பதே முக்கியம் என்பதை ஆய்வாளர்கள் சீக்கிரம் உணர்ந்தார்கள். முன்கூட்டியே துளிர்த்து முற்றிவிடும் மரம், பனிமூட்டம் வருமுன் தப்பிவிடுகிறது. எனவே 1970களில் மலேசியாவில் விமானத்திலிருந்து மருந்து தெளித்து இலையை முன்னதாகவே உதிர்க்கவைத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் உரமிட்டுத் துளிர்ப்பை விரைவுபடுத்துவதும் இதே கணக்குத்தான். பி.பி. 5/51 போல ஆய்டியத்துக்கு எளிதில் இரையாகும் ரகங்களை நோய் மிகுந்த இடங்களில் தவிர்த்தார்கள்.

இந்த நாட்காட்டியைக் கலைக்க ஒரு புதிய எதிரி வந்திருக்கிறது. 2016இல் வட சுமத்ராவில் தலைகாட்டி, அடுத்து மலேசியாவுக்கும் வந்த பெஸ்டலோட்டியோப்சிஸ் இலை உதிர்வு நோய், முற்றிய இலையையே புள்ளி விழவைத்துக் கொட்டுகிறது. தளிருக்கு இரண்டு வாரம் காவல் நின்ற பழைய கணக்கு அதனிடம் செல்லாது.

வீட்டுக்குப் பின்னால் நாலு பால்மரம் வைத்திருப்பவர் இதற்கெல்லாம் கருவி தேட வேண்டாம். குனிந்து தரையைப் பார்த்தால் போதும். கிடப்பது மஞ்சளும் சிவப்புமான முற்றிய சருகென்றால், மரம் தன் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கத்தியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, மரத்தைச் சீவாமல் விடுங்கள். சுருண்ட இளஞ்சிற்றிலை கிடந்து, மேலே வெறும் காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், இந்த வருடம் கந்தகம் ஒரு வாரம் பிந்திவிட்டது.