தோட்ட எல்லையில் நின்றுபோன நூலகம்

தோட்டத்துப் பெண்களுக்கு வாசிப்பில் விருப்பமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சங்கதி அதுவல்ல, சகோதரிகளே. ஹட்டன் டவுனைச் சுற்றிலும் தேயிலை மலைதான். ஆனாலும் பொது நூலகம் டவுனோடு நின்றுகொண்டது. லயத்துக்கு ஏறி வரவில்லை.

நம் நாட்டில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். டவுனுக்கு நகர சபை, கிராமத்துக்குப் பிரதேச சபை. தோட்டமோ துரையின் எல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. பாதை, விளக்கு, வாசிகசாலை எதைக் கேட்டாலும், நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினரே கையை விரித்தார். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான்!

பள்ளிக்கூடத்தின் கதையும் இதுவே. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை அநேகமானவற்றில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

அதற்காக மலைநாட்டில் எழுத்தே இருக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1920களில் கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாதவளுக்கும் பாட்டுப் போய்ச் சேரும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, டவுன் நூலகத்துக்கே போவோம் என்றால் அங்கத்துவப் படிவம் இருக்கிறது. சபைக்கு வரி செலுத்தும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். நம் பெயரில் வரி ஏது? மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து, முகம் கழுவி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நூலகமும் பூட்டியிருக்கும்.

கையில் போன் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள், மலையக எழுத்துகள் எல்லாம் இலவசம். பிணை கேட்பாரில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குப் படம் பார்த்துப் பக்கம் புரட்டக் கையில் ஒரு புத்தகம் வேண்டுமே!

2018இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவாயின. 2025 மே மாதத் தேர்தலில் புதிய உறுப்பினர்களும் வந்துள்ளனர். மாதர் சங்கங்கள் கோரிக்கைக் கடிதத்தில் 33ஆம் பிரிவின் திருத்தத்தைக் குறிப்பிட்டே எழுதலாம். பெரிய கட்டடம் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராவில் ஓர் அலுமாரி, மாதம் ஒருமுறை மாற்றித்தரப் புத்தகங்கள், மாலை ஐந்து மணிக்குப் பின் திறந்துவைக்க ஒருவர்.