உங்களுக்குத் தெரியுமா? சுருங்கத் தெரிந்தவர் சறுக்கிய கதை

ஆன்ட்-மேன் என்றதும் 2015இல் வந்த படத்தின் கலகலப்பான திருடர் ஸ்காட் லாங்தான் நினைவுக்கு வருவார். ஆனால் மார்வெல் காமிக்ஸின் முதல் ஆன்ட்-மேன், ஹாங்க் பிம் என்ற விஞ்ஞானி. 1962 ஜனவரி இதழில் எறும்பளவுக்குச் சுருங்கி, எறும்புப் புற்றுக்குள் மாட்டிக்கொண்டவராக அறிமுகமானார். 1963இல் அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டு பூதம்போல வளர்ந்து ஜெயன்ட்-மேனும் ஆனார்.

உடம்பு வளர்ந்த அளவுக்கு மனசு வளரவில்லை. அல்ட்ரான் என்ற கொடிய ரோபோவைக் காமிக்ஸில் படைத்தவர் இவர்தான். (அவெஞ்சர்ஸ் படத்தில் அந்தப் பழி அணியின் இன்னொரு வீரர் டோனி ஸ்டார்க் தலையில்!) 1981 கதை இன்னும் மோசம். அணியில் இழந்த மதிப்பை மீட்க, தானே ஒரு ரோபோவை ஏவிவிட்டுத் தானே அடக்குவதாக நாடகமாடத் திட்டமிட்டார். தடுக்க வந்த மனைவி ஜேனட்டை அடித்தார். கடைசியில் அந்த ரோபோவை வீழ்த்தியவர் ஜேனட்தான். பிம் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வாசகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில் நியாயமும் உண்டு.

சரி, இப்படி அளவு மாற முடியுமா? யானைக்கும் எலிக்கும் பெரும்பாலான செல்கள் ஏறத்தாழ ஒரே அளவு, எண்ணிக்கைதான் வேறு. எறும்பாகச் சுருங்கினால் மூளைச் செல்களுக்கே இடமிருக்காது. வளர்வதும் வம்புதான். உயரம் 10 மடங்கானால் எலும்பின் குறுக்குவெட்டு 100 மடங்கு, எடையோ 1,000 மடங்கு. ஓரடி எடுத்து வைத்தாலே தொடை எலும்பு முறிந்துவிடும்.