'வீட்டுச் சாப்பாடு': யாருடைய வீடு?

மஞ்சக்குட்டையில் ஒரு குடும்பம் நடத்தும் சின்னக் கடையில் அவ்வப்போது சாப்பிடுகிறேன். பலகையில் 'வீட்டுச் சாப்பாடு' என்றிருக்கிறது. இலையில் விழுவது வெள்ளைச் சோறு, சாம்பார், ரசம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி வீடுகளில் தலைமுறைகளாக வெந்தது சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான். அப்படியானால் இது யாருடைய வீடு?

உணவு ருசி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, நிலமும் அதிகாரமும் சம்பந்தப்பட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பெருகின, தினைக்காடும் சாமைக்காடும் சுருங்கின. விதைத்தவர்களில் பலர் கூலிகளானார்கள். கூலிக்காரர் தானியத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். பின்னால் ரேஷன் அரிசி வந்தது. 2011 முதல் தமிழகத்தில் அது இலவசம். சாமை மறைந்ததற்கு 'நாகரிக மோகம்' என்று காரணம் சொல்வது இந்த வரலாற்றையே மறைக்கிற சொல்லாடல்.

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. இப்போது நகரத்தவர்கள் மலையேறி வந்து சாமை கேட்கிறார்கள். கடைக்கார அக்கா சிரித்தார்: "கேக்கறது சுளுவு தம்பி. ஒரல்ல போட்டுக் குத்தறது யாரு?"

மரபு பற்றிய நம் பெருமிதம் கேட்க மறந்த கேள்வி இது. அரிசி அந்தத் தோள்வலியை மிச்சப்படுத்தியது. ஆனால் அடுப்பும் பாத்திரமும் இன்றும் அவருக்கும் மகளுக்கும்தான், கூலியில்லாமல். 'குடும்பக் கடை' என்கிற பெயரே அதை மூடிவைக்கிறது.

சாமை திரும்பட்டும். நிலத்தோடும், குத்துகிற கைக்குக் கூலியோடும் திரும்பட்டும்.